இட்டேரியில் விட்ட எலிகள்

கூண்டுல இருக்கறது கிளி இல்லீங்க அம்மிணி. கண்டக்டருக்காகச் சொன்னது. எலின்னா பஸ்ல ஏத்த மாட்டாங்க. போன வாரம் ஒருத்தன் துண்டை நீக்கிப் பாத்துப்போட்டு நடு ரோட்டுல எறக்கி உட்டுட்டான். அதனால இப்பெல்லாம் கிளிதான். கிளின்னு சொல்லிட்டா யாரும் துண்டை நீக்கிப் பாக்கறதில்ல.

பயந்துக்காதீங்க. மூணே மூணு. கதவுக்குக் கம்பி போட்டு முறுக்கியிருக்கறன். ஈரத்துண்டு போத்துனா உள்ள இருட்டா இருக்குமுங்க, அதுகளும் கம்முனு கெடக்கும். நீங்க பாட்டுக்குக் காலை நீட்டி உக்காருங்க, நான் கூண்டை இக்கட்ட தள்ளிக்கறன். நான் எங்க எறங்கறதுன்னு இன்னும் முடிவு பண்ணலைங்க. ஜன்னல் வழியாப் பாத்துட்டே வருவேன். நல்ல பொதரா, வேலியா, ஒரு எடம் கண்ணுக்குப் பட்டா எறங்கிக்குவேன்.

எதுக்கு இந்தப் பாடுன்னு நெனைக்கறீங்க. கொன்னு போட்டா ஒரு நிமிசத்து வேலை. என்னால முடியாதுங்க. என்ற மவன் தினகரன் ஏழு வயசுல மூளைக்காச்சல்ல கெடந்தான். டாக்டரு கையை விரிச்சுட்டாரு. ஆசுபத்திரி வாசல்ல ஒரு பிள்ளையாரு. அவரு காலைப் புடிச்சுட்டு அழுதேன். இனி ஒரு உசுரை நான் எடுக்க மாட்டேன், எடுக்கறதுக்குக் காரணமாவும் இருக்க மாட்டேன், இவன் உசுரை உட்டுக்குடுன்னு வேண்டுனேன். மூணாம் நாள் கண்ணு முழிச்சுத் தண்ணி கேட்டான். அன்னையில இருந்து இருவத்தாறு வருசம் ஆச்சுங்க, கொசுவைக்கூட ஓட்டி உடறதோட சரி. கறி மீன் தொட்டதில்ல. அதுலயும் எலி பிள்ளையாரு வண்டி. அதைப் போயிக் கொல்லுவாங்களா?

அவன் இப்ப லாரி ஓட்டறான். தேங்காநாரு ஏத்தீட்டு மராட்டிய தேசம் வரைக்கும் போறான். நான் இங்க ஒண்ணை நசுக்குனா அங்க அவன் ஸ்டேரிங்கைப் புடிச்சிருக்கறான், புரியுதுங்களா. அந்தப் பயத்துலயேதான் நான் படுக்கறதும் எந்திரிக்கறதும். ஊட்டுக்காரரு போயி நாலு வருசமாச்சு. எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தந்தான்.

ஊட்டுக்குப் பொறகால அரை ஏக்கர் தோட்டம் இருக்குதுங்க. கடலைக்காயி, சக்கரவள்ளி, குச்சிக்கெழங்கு. போன ஆடியில செடியெல்லாம் கண்ணைப் பறிக்கற மாதிரி நின்னுதுங்க. ஒரு நாள் கெழங்கு எறங்கியிருக்குதான்னு பாக்க ஒரு செடியைப் புடிச்சு இழுத்தேன். சும்மா குச்சி நட்டு வெச்ச மாதிரி கையோட வந்துருச்சு. அடியில ஒண்ணுமே இல்ல. பக்கத்துச் செடியும் அப்படித்தான். மேல பச்சைப் பசேல்னு நிக்குது, கீழ பூராத்தையும் தின்னு போட்டு மண்ணை மூடி வெச்சிருக்குதுங்க.

வேலிக்கு அந்தப் பக்கம் நாச்சிமுத்து அண்ணன் காடு. அவரு வந்து ஆளுக்கொரு யோசனை சொல்ற மாதிரி ஒருத்தரே அஞ்சாறு யோசனை சொன்னாரு. மருந்து வைன்னாரு, நசுக்கற கிட்டி வைன்னாரு. எனக்கு ஒத்து வராதுன்னேன். செரி, நாலு மூங்கில் குச்சி நட்டு உடு, ஆந்தை வந்து உக்காந்து அதுவே புடிச்சுக்கும், உனக்குப் பாவம் இல்லைன்னாரு. நான் சொன்னேன், அண்ணா, குச்சி நட்டது நான், ஆந்தையைக் கூப்புட்டது நான், அப்பறம் பழியைத் தூக்கி ஆந்தை மேல போட்டா பிள்ளையாருக்குத் தெரியாதா. அவரு துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டுப் போயிட்டாரு. அதுல நான் நெம்பக் கறாருங்க. யாரு கொன்னாங்கங்கறது பெருசில்ல, யாரால ஆச்சுங்கறதுதான்.

வேப்பம்புண்ணாக்கு போட்டுப் பாத்தேன். பூண்டை அரைச்சுக் கரைச்சு வளைக்குள்ள ஊத்துனேன். நாலு நாள் பயந்துது, அஞ்சாம் நாள் பழகிப்போச்சு. அப்பறந்தான் சந்தையில இந்தக் கூண்டை வாங்குனேன். உள்ள சுட்ட தேங்காச் சில்லு. கருவாடு வெச்சா இன்னும் நல்லா வரும்னு கடைக்காரன் சொன்னான், நான் கருவாட்டைத் தொடறவளா? தேங்காய்க்கே வந்துதுங்க. மொத நாளே ரெண்டு.

இதுலயும் ஒரு மொறை இருக்குதுங்க அம்மிணி. வெயில் ஏர்றதுக்குள்ள உட்டுரோணும், இல்லைன்னா கம்பி சூட்டுலயே செத்துப்போயிரும். வயித்தைப் பாக்கோணும். பால் கட்டியிருந்தா அது தாயி, குட்டி எங்கயோ வளையில கெடக்கும். தாயை மட்டும் திருப்பித் தோட்டத்துலயே உட்டுருவேன். நாச்சிமுத்தண்ணன் அதைப் பாத்துட்டு வேலியைப் புடிச்சுட்டுச் சிரிச்சாரு. சிரிக்கறவங்க சிரிக்கட்டும்.

மொதல்ல வேலிக்கு வெளியதான் உட்டேன். ஒண்ணுக்குக் காதுல மஞ்சள் தடவி உட்டேன். மூணாம் நாள் அதே மஞ்சக்காது கூண்டுக்குள்ள உக்காந்து என்னையப் பாக்குது. அப்பத்தான் தெரிஞ்சுது, தூரமாப் போயி உடோணும்னு. பள்ளத்தைத் தாண்டிப் போனா ஒரு இட்டேரி. ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, ஆளு ஒசரத்துக்கு கள்ளி, கோவைக்கொடி, நடுவுல வண்டித் தடம். எங்கூர்ப் பக்கம் காட்டுக்குக் காடு அப்படித்தான் இருக்கும். அங்க ஒரு கல்லுக்குட்டு. எந்தக் காலத்துலயோ காட்டுக் கல்லைப் பொறுக்கிக் குமிச்சு வெச்சது. அதுதான் தோதுன்னு பட்டுது. கல்லுச் சந்துல அதுக பூந்துக்கும்.

புது எடமாச்சுங்களே. பசிக்குமேன்னு தெனம் ஒரு கை கடலைக்காயும் கொண்டு போயிப் போடுவேன். வெடியால அஞ்சரை மணிக்கு நான் அங்க நிப்பேன். ஒரு நாள் தவறுனதில்ல. மழையா இருந்தாலும் கோணிப்பையைத் தலையில போட்டுட்டுப் போவேன். எம்மனசு அப்ப எப்படி இருக்கும் தெரியுமுங்களா? கோயலுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கும்.

அந்தத் தடத்துலதான் கௌசிகா வருவா. எங்க தோட்டத்துல களை வெட்டறவ வசந்தாமணி, அவ பொண்ணு. பத்தொம்போது வயசு. பனியன் கம்பெனி வேனு ஆறு மணிக்கு முக்குல நிக்கும், அதைப் புடிக்க இட்டேரி வழியாத்தான் வரோணும், வேற தடம் இல்ல. ஒரு கையில டிப்பன் டப்பா, ஒரு கையில செல்லு. அவளுக்கு நான் எலி உடறதைப் பாத்தா ஒரே சிரிப்பு. இன்னைக்கு எத்தனை பேரை வழியனுப்பி வெக்கறீங்க பெரியம்மான்னு கேப்பா. சில நாள் கூண்டை வாங்கி அவளே கதவைத் தூக்கி உடுவா. நல்ல புள்ளைங்க. நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

ரெண்டு மாசம் போச்சு. தெனம் ரெண்டு மூணு எலி. இத்தனை உட்டும் ஒண்ணைக்கூட மறுக்காப் பாக்கலைங்க. அந்த மஞ்சக்காதும் திரும்பி வரல. சந்தோசமா இருந்துது. நல்லாப் பொழைச்சுட்டு எங்கயோ அக்கட்ட போயிருச்சுகன்னு நெனைச்சேன்.

பொரட்டாசியில ஒரு வெடியால கல்லுக்குட்டு மேல ஒரு தோலு கெடந்துது. பாம்புச் சட்டைங்க. முழுசா, கண்ணு இருந்த எடம் வரைக்கும் அப்படியே. தடிமனான தோலு, மேல வட்டம் வட்டமா. அதைப் பாத்ததும் எனக்குக் கையெடுத்துக் கும்புடோணும்னுதான் தோணுச்சு. மடிச்சு முந்தானையில முடிஞ்சு கொண்டாந்து பிள்ளையாரு படத்து மேல மாலையாட்டப் போட்டேன். அடுத்த வாரம் இன்னொண்ணு. அதுக்கடுத்து இன்னொண்ணு. மூணும் ஒரே அளவில்லைங்க.

அப்பறம் மைனா. நான் போயி நின்னாப் போதும், வேலி மேல கூட்டமா உக்காந்து கத்தும். நான் வர்றது அதுகளுக்குப் பழகிப்போச்சு, வரவேத்துக் கத்துதுன்னு கௌசிகாகிட்டச் சொன்னேன். அவ சொன்னா, உங்களைப் பாத்துக் கத்தலைங்க பெரியம்மா, கல்லைப் பாத்துக் கத்துதுங்க.

இன்னொண்ணும் சொல்லோணும். அந்தச் சமயத்துலதான் எலிக வெளிய போகவே மாட்டேன்னுச்சுங்க. கதவைத் தூக்குனா முன்னெல்லாம் அம்பாட்டம் பாஞ்சு ஓடும். இப்ப கூண்டுக் கம்பியை நாலு காலாலயும் புடிச்சுக்கும். தட்டுனாலும் போகாது. தலைகீழாக் கவுத்து ஒதறித்தான் உடோணும். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஒரு ராத்திரி நம்ம தேங்காயைத் தின்னதுக்கு இத்தனை பாசமா, பிரிய மனசில்லாம கெடக்குதேன்னு. ஒதறி உட்டுட்டு, போ சாமி, நல்லாயிருன்னு சொல்லிட்டு வருவேன்.

பாம்பு இருக்குதுன்னு தெரியாதான்னு கேக்கறீங்க. தோலைப் பாத்தவளுக்குத் தெரியாம இருக்குமுங்களா? தெரியும். ஆனா நான் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனைச்சுப் பாருங்க. அன்னைக்கே பத்து ஆம்பளைக தடியோட வந்து நின்னிருப்பாங்க. ஒண்ணு பாக்கியில்லாம அடிச்சுப்போட்டிருப்பாங்க. யாரு வாயால? என்ற வாயால. காரணமாவும் இருக்க மாட்டேன்னு நான் வேண்டியிருக்கறேன். அன்னைக்கு என்ற மவன் நாக்பூர்ப் பக்கம் மலை ரோட்டுல இருந்தான். போன்ல பேசறப்பவே மழைச் சத்தம் கேட்டுது. நான் எப்படீங்க வாயைத் தொறக்கறது?

ஒரு வெள்ளிக்கெழம. நான் உட்டுட்டு நின்னுட்டிருந்தேன், கௌசிகா வந்தா. கல்லுக்குட்டு பக்கத்துல வந்ததும் நின்னுட்டா. பெரியம்மா, குக்கர் சத்தமாட்டம் கேக்குதுங்களேன்னா. எனக்கும் கேட்டுது. நல்லாவே கேட்டுது. உஸ்ஸுன்னு, நிக்காம, கல்லுக்கடியில இருந்து. கண்ணாடிவிரியன் அப்படித்தான் சீறும்னு சின்ன வயசுலயே எங்கப்பாரு காட்டிக் குடுத்திருக்கறாரு.

நான் சொன்னேன், காத்தாயிருக்கும் கண்ணு, கள்ளி முள்ளுல பூந்து வருதல்ல, நீ போ, வேனுக்கு நேரமாச்சு.

அவ போயிட்டா. அன்னைக்கு ஒண்ணும் ஆகல. அடுத்த நாளும் ஒண்ணும் ஆகல. பாத்தீங்களா, அது அது பாட்டுக்கு இருந்தா நாம நம்ம பாட்டுக்கு இருக்கலாம்னு நெனைச்சேன். செவ்வாக்கெழமதான் ஆச்சு.

நான் எலியை உட்டுப்போட்டுப் பள்ளம் வரைக்கும் வந்துட்டேன். பொறகால இருந்து பெரியம்மான்னு ஒரு சத்தம். கத்தல்லாம் இல்லைங்க, கூப்புடற மாதிரிதான். திரும்பிப் போனா தடத்துல உக்காந்திருக்கறா. கணுக்கால்ல ரெண்டு பொட்டு. டிப்பன் டப்பா தொறந்து தக்காளிச் சோறு மண்ணுல கொட்டிக் கெடக்குது. வேன் டிரைவரு ஓடியாந்து தூக்குனான். தூக்கறப்ப அவ என் மொகத்தைப் பாத்து ஒண்ணே ஒண்ணு சொன்னா.

"காத்துன்னீங்களே பெரியம்மா."

வலியில சொன்னதுங்க. வலியில என்ன பேசறோம்னு தெரியாதல்ல.

ஆசுபத்திரியில ஆறு நாள் கெடந்தா. ஊசி போட்டாங்க, ரத்தம் மாத்துனாங்க. ஈறுல இருந்து ரத்தம் நிக்கவே இல்லைன்னாங்க. அப்பறம் கிட்னி ரெண்டும் நின்னு போச்சு. நான் போயிப் பாக்கலைங்க. தெனம் பிள்ளையாருக்கு வெளக்குப் போட்டேன். அவளுக்கும்தான் வேண்டுனேன். ஏழாம் நாள் வெடியால எடுத்துட்டு வந்துட்டாங்க. அழுதேன், அழுகாம இருப்பனா? எந்தோட்டத்துல வெளையாடுன புள்ளை.

அன்னைக்குச் சாயங்காலமே ஊரு தெரண்டு போயி இட்டேரிக்குத் தீ வெச்சுட்டாங்க. நான் வேண்டாம் வேண்டாம்னு பொறகாலயே ஓடுனேன். யாரு கேக்கறாங்க. கல்லுக்குட்டைக் கடப்பாரை போட்டுப் பேத்தாங்க. பதினொண்ணு இருந்துதுங்க அம்மிணி. பதினொண்ணு. அத்தனையும் விரியன், ஒவ்வொண்ணும் கைத் தடிமன். ஒண்ணு வயித்துல குட்டி. அடிச்ச அடியில வயிறு கிழிஞ்சு குட்டி குட்டியா வெளிய வந்து நெளியுது, அதையும் உடாம மிதிச்சாங்க. நான் தரையில உக்காந்து தலைதலையா அடிச்சுட்டு அழுதேன். வாழ்க்கையில அப்படி அழுததில்ல. கௌசிகாவோட அப்பன் நின்னு என்னைய ஒரு பார்வை பாத்தான். எதுக்கு அப்படிப் பாத்தான்னு இன்னும் எனக்கு வெளங்கல.

கல்லைப் பேத்த எடத்துல கடலைக்காய்த் தொலியாக் கெடந்துது. முழுக்கத் தொலி. நாச்சிமுத்தண்ணன் ஒரு கை அள்ளிப் பாத்தாரு. வசந்தாமணி வாங்கிப் பாத்தா. அவ கையால பறிச்ச கடலை, அவளுக்குத் தெரியாதா? ஆந்தைக்குக் குச்சி நட மாட்டேன்னியே தாயின்னு அண்ணன் சொன்னாரு. அவரு என்ன சொல்ல வர்றாருன்னே எனக்குப் புரியலைங்க. ஆந்தை வேற, இது வேற. ஆந்தையைக் கூப்புடக் குச்சி நடோணும். பாம்பை நான் கூப்புடலையே. அதுவா வந்துது.

பதினாறாம் நாள் முடிஞ்சு வசந்தாமணி வந்தா. தோட்டத்து வேலைக்குத்தான் வர்றான்னு நெனைச்சேன். வாசப்படிய மிதிக்கல. வெளிய நின்னு உள்ள பாத்தா. பிள்ளையாரு படத்து மேல அந்த மூணு தோலும் தொங்குது. நான் எடுத்து வெச்சிருக்கலாம். ஞாபகம் இல்ல. பாத்துட்டே நின்னா. அப்பறம் கேட்டா.

"அக்கா, உங்களுக்கு முன்னாலயே தெரியும். ஏன் சொல்லல?"

சத்தம் போட்டுக் கேட்டிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். தண்ணி கேக்கற மாதிரி மெதுவாக் கேட்டா. எனக்கு வாயில வந்ததைச் சொன்னேன், சொன்னா அடிச்சுருவாங்கல்ல வசந்தான்னேன். அவ கையில எந்தோட்டத்துக் களைக்கொத்து இருந்துது. அதை வாசல்ல வெச்சுட்டுத் திரும்பிப் போயிட்டா. அதுக்கப்பறம் எந்தோட்டத்துக்கு யாரும் வேலைக்கு வர்றதில்லைங்க. கடையில போயி நின்னா பேச்சு நின்னு போயிருது.

ஆனா என்ற மவனுக்கு ஒரு கீறல் இல்லைங்க. கௌசிகா செத்த அந்த வாரமே நாக்பூர் தாண்டி முன்னால போன லாரி பள்ளத்துல உருண்டிருச்சு, இவன் நூலெழையில தப்பிச்சான். போன்ல சொல்றான், அம்மா, என்னமோ என்னையப் புடிச்சு நிறுத்துன மாதிரி இருந்துதுன்னு. அதை நான் யாருகிட்டச் சொல்றது? அந்தப் பதினொண்ணும் நான் சொல்லி அடிச்சதில்ல. கௌசிகாவையும் நான் ஒண்ணும் பண்ணல. பிள்ளையாருக்குத் தெரியும்.

எலி மட்டும் கொறையலைங்க. இப்ப முன்னைக்கு ரெண்டு மடங்கு. எங்கூர் எல்லையில எங்கயும் உடக்கூடாதுன்னு ஊர்க்கூட்டத்துல சொல்லிட்டாங்க. அதனாலதான் இந்த பஸ்ஸு. வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம். போன தடவை உட்ட எடம் நல்லாயிருந்துது, ஆனா தண்ணி இல்ல.

நீங்க எங்கம்மிணி எறங்கறீங்க? அப்படீங்களா, அங்க டீச்சரா? எத்தனை புள்ளைக? முப்பத்திரண்டா. எல்லாம் சின்னதுக. ஊர்ல இருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்தா வருதுக? ஓடையோரமா. அந்தா தெரியுதே, சப்பாத்திக்கள்ளியும் பொதருமா, அதுவா? நல்லா அடைசலா இருக்குதுங்களே. பக்கத்துலயே தண்ணியும் இருக்குது. புள்ளைக எத்தனை மணிக்கு அந்த வழியா வரும்? ஒம்போதுக்கா? இன்னைக்கு நேரமிருக்குது. நாளையில இருந்து மொதல் பஸ்ஸுக்கே வந்தறேன்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? நான் ஒண்ணையும் மறைக்கலையே. அன்னைக்கு நான் யாருகிட்டயும் சொல்லல, அது தப்புத்தான், வசந்தாமணி கேட்டது நாயந்தான். அதுக்குத்தான் இன்னைக்கு உங்ககிட்ட ஒண்ணு உடாமச் சொல்லியிருக்கறேன். இனி புள்ளைகளை எந்தப் பக்கம் கூட்டிட்டுப் போறதுங்கறது உங்க பொறுப்பு. ஊருக்குள்ள மட்டும் சொல்லீராதீங்க. சொன்னா தடியைத் தூக்கீட்டு வந்துருவாங்க, அந்தப் பாவம் உங்களைத்தான் சேரும். உங்களுக்கும் புள்ளைகுட்டி இருக்குமல்ல.

ஸ்டாப்பு வந்துருச்சு. படி ஒசரமா இருக்குது, எனக்கு மொழங்கால் மடங்காது. நான் மொதல்ல எறங்கிக்கறன், சித்தெ இந்தக் கூண்டைப் புடிங்க அம்மிணி.